நான் போகாத பேரணாம்பட்டு வீடு

ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போகாமலே போனதாக எழுதினேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை. எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டேன். அந்த மூன்று வரிகளை நம்பி ஒரு மனிதனைச் சிகிச்சையிலிருந்து நீக்க முடிவெடுத்தார்கள். நீக்கினால் அவர் பிழைக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நம் சபையில் பலருக்கு என்னைத் தெரியும். ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிற கிழவன் என்று மரியாதை வைத்திருக்கிறீர்கள். சாட்சி எழுதும்படி போதகர் கேட்கும்போதெல்லாம் மகனுக்குக் கிடைத்த வேலை, என் கண் ஆபரேஷன் என்று எதையாவது சொல்லி ஒதுங்கினேன். அவையும் ஆண்டவர் செய்த நன்மைகளே. ஆனால் என் ஜெபத்தை அவர் கேட்டார் என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடிய நாள் 1979ஆம் வருஷத்துக் கோடையில் இருக்கிறது. அந்த நாளைச் சொல்ல வேண்டுமானால் என் பொய்யையும் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷம் தள்ளிப்போட்டதற்கு அதுதான் காரணம்.

அப்போது வேலூரில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்தேன். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு வாரம் இரண்டு முறை இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். டயாலிஸிஸ் என்று இன்று எல்லாருக்கும் தெரியும். அன்று இயந்திரங்கள் கொஞ்சம்தான். வெளியே காத்திருப்பவர்கள் அதிகம். உடன்பிறந்தவர்களில் ஒருவர் சிறுநீரகம் கொடுக்கச் சம்மதித்தால், ஆபரேஷன் நாள் வரை நோயாளியைத் தெம்போடு வைத்திருப்பதற்குத்தான் அந்த இயந்திரம்.

அதிலும் இயந்திரம் பாதி வேலையைத்தான் செய்யும். மீதி வீட்டில் நடக்க வேண்டும். சிறுநீர் பிரியாத உடம்பில் குடிக்கிற தண்ணீர் அப்படியே நின்றுவிடும். உப்பு தாகத்தைக் கூட்டும். தண்ணீர் அளவு மீறினால் நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கும். இதை நோயாளிக்கும் வீட்டாருக்கும் கற்றுக்கொடுக்க எங்கள் பெரிய டாக்டர் ஒரு குழு அமைத்தார். அவர், வார்டு சிஸ்டர் லில்லி, உணவு முறை சொல்லும் அம்மா, இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன், நான் என்று ஐந்து பேர். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு மஞ்சள் அட்டை. எதைக் கற்றுக்கொடுத்தோம், அவர்களுக்குப் புரிந்ததா என்று அவரவர் பகுதியில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வீடு வரைக்கும் போய், அடுப்படியைப் பார்த்து, சமைக்கிறவர்களிடம் பேசிவிட்டு எழுதுவது என் பகுதி. வியாழக்கிழமைதோறும் ஐவரும் அட்டைகளோடு உட்காருவோம்.

ஏழுமலை பேரணாம்பட்டுக்காரர். வயது முப்பத்தைந்து இருக்கும். தோல் தொழிற்சாலையில் ஊறல் தொட்டியில் வேலை. உப்புப் போட்டு வரும் பச்சைத் தோல்களைத் தண்ணீரில் ஊறவைத்து அலசுகிற இடம் அது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன. அவருடைய தங்கை தனம் ஒரு சிறுநீரகம் கொடுக்க முன்வந்தாள். பரிசோதனைகள் நடந்துகொண்டிருந்தன. அதுவரை செவ்வாயும் வெள்ளியும் இயந்திரத்துக்கு வருவார். கூடவே பீடி சுற்றும் அவர் மனைவி கன்னியம்மா வருவார்.

ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பார்கள். இரண்டு வருகைக்கு நடுவில் ஒன்றரை, இரண்டு கிலோ கூடலாம். ஏழுமலைக்கு நாலரை, ஐந்து என்று கூடும். அத்தனை தண்ணீரை ஒரே நாளில் இழுத்தால் இரத்த அழுத்தம் விழுந்துவிடும், கால் இழுத்துக்கொள்ளும். வலியில் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொள்வார்.

“பாலாத்துல தண்ணி இல்ல, தண்ணி இல்லன்னு ஊரே கத்துது. எங்க போச்சுன்னு எனக்கு இப்பதான் தெரியுது” என்பார் சிஸ்டர் லில்லி. வார்டே சிரிக்கும். ஏழுமலையும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்.

“இல்ல சிஸ்டர், நீங்க சொன்ன மாதிரிதான் கீறேன்.”

“நான் குடம் குடமா குடிக்கச் சொன்னனா?”

“அய்ய, கம்மியாத்தான் குடிக்கிறேன் சிஸ்டர்.”

“தராசு பொய் சொல்லுதா, நீ பொய் சொல்றியா?”

அவர் தராசிலிருந்து இறங்கிக் கட்டிலுக்குப் போய்விடுவார். பொய் சொல்லிக்கொண்டிருந்தது தராசும் அல்ல, ஏழுமலையும் அல்ல. அது அறையின் மறுகோடியில் கோட்டும் பேனாவுமாக நின்றுகொண்டிருந்தது.

நான் ஏன் போகவில்லை? பேரணாம்பட்டுக்குக் காட்பாடி, குடியாத்தம் வழியாகப் பஸ்ஸில் போக வேண்டும், பாதி நாள் போய்விடும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணம் அல்ல. நான் ஆம்பூரில் பிறந்தவன். என் அப்பாவும் ஊறல் தொட்டியில் நின்றவர்தான். மிஷன் பள்ளியில் படித்து, மெட்ராஸ் காலேஜ் விடுதிக்குப் போனபோது என் பெட்டியைத் திறந்த பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று முதல் நான் யாரிடமும் அப்பாவின் தொழிலைச் சொன்னதில்லை. கேட்டால் ‘கம்பெனியில் இருந்தார்’ என்பேன். தோல் தொழிற்சாலைத் தெருவில் மறுபடி நடக்க என்னால் முடியவில்லை. அந்த வாசனை என் சட்டையில் ஏறிவிடும் என்று பயந்தேன். இன்னொன்றும் உண்டு. எங்கள் குழு கற்பிக்கும் முறையைப் பற்றி மெட்ராஸில் ஒரு கூட்டத்தில் நான் கட்டுரை வாசிக்க இருந்தேன். அட்டைகளில் என் பகுதி காலியாக இருக்கக் கூடாது.

ஆகவே எழுதினேன். ‘வீட்டுக்குச் சென்றேன். உப்பு, தண்ணீர் அளவுகளை மனைவிக்கு விளக்கினேன். நன்கு புரிந்துகொண்டார்.’ இங்கிலீஷில் எழுதுவது வழக்கம். படிக்க அழகாகவே இருந்தது.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. ஏழுமலையின் அட்டையைப் பெரிய டாக்டர் கையில் எடுத்தார்.

“சிஸ்டர் சொல்லியாச்சு. டயட் சொல்லியாச்சு. ஞானமணி மூணு தடவை வீட்டுக்கே போயிருக்கார், புரிஞ்சிருக்குன்னு எழுதியிருக்கார். இதுக்கு அப்புறமும் அஞ்சு கிலோன்னா, இது தெரியாம செய்யறது இல்ல. தெரிஞ்சே செய்யறது.”

“தங்கச்சிக்காரி கிட்னி குடுக்கறேன்னு நிக்கறாளே டாக்டர்” என்றார் உணவு முறை அம்மா.

“அதனாலதான் சொல்றேன். அந்தக் கிட்னியையும் இவர் கெடுத்துடுவார். வாலாஜாப்பேட்டை வாத்தியார் ஒருத்தர் ரெண்டு மாசமா இடத்துக்குக் காத்திருக்கார். நாளைக்கே ஏழுமலைகிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க. அடுத்த வாரமும் இப்படி வந்தா இடத்தை மாத்திக் குடுத்துடலாம்.” பிறகு என்னைப் பார்த்தார். “வீட்டைப் பார்த்தவர் நீங்க. என்ன சொல்றீங்க?”

“நீங்க முடிவு பண்ணுங்க டாக்டர்” என்றேன்.

அவ்வளவுதான் பேசினேன். அந்த அறையில் சொல்லியிருக்க வேண்டியதை நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சோறு இறங்கவில்லை. என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டாள். வெயில் என்றேன். சனிக்கிழமை பஸ் நிலையத்துக்குப் போய்க் குடியாத்தம் பஸ்ஸில் ஏறினேன். காட்பாடி வந்ததும் இறங்கிவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன். அது வந்தது, ஏறவில்லை. எதிர்ப்பக்கம் வந்த வேலூர் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்து, மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு கோட்டை அகழியைச் சுற்றி நடந்தேன்.

ஜெபமும் செய்தேன். என்ன ஜெபம் தெரியுமா? ‘ஆண்டவரே, அந்த மனுஷன் அடுத்த முறை எடை குறைந்து வரட்டும்.’ அவருக்காகக் கேட்டதுபோல இருக்கும். எனக்காகத்தான் கேட்டேன். அவர் எடை குறைந்து வந்தால் யாரும் என் அட்டையைத் திருப்பிப் பார்க்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. நற்கருணை வாங்கினேன். அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வாயில் போட்டுக்கொண்டேன். அதையும் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, பச்சைத் தோல் ஏற்றுகிற லாரியில் ஏழுமலையைக் கொண்டுவந்தார்கள். படுக்க முடியாததால் டிரைவருக்குப் பக்கத்தில் நிமிர்த்தி உட்காரவைத்திருந்தார்கள். உதடு நீலம். மூச்சு கொதிக்கிற பானைபோலச் சத்தமிட்டது. நுரையீரல் முழுக்கத் தண்ணீர். ஓட்டமும் நடையுமாக உள்ளே கொண்டுபோய் இயந்திரத்தில் போட்டார்கள்.

நான் வராந்தாவில் நின்றேன். கன்னியம்மா என்னிடம் வந்தார். அழவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

“சார், எடத்த எடுத்துடுவோம்னு வெள்ளிக்கெழம சிஸ்டர் சொன்னாங்க. அப்ப, ‘சார் மூணு தபா ஒன் வூட்டுக்கு வந்து சொன்னாரே, கேட்டியா’ன்னு என்னத் திட்டுனாங்க. நான் ஒண்ணும் பேசல. எந்த சாருன்னு எனக்குத் தெரியல. நீங்கதானாமே?”

நான் வார்டுக் கதவைப் பார்த்தேன்.

“எப்ப சார் வந்தீங்க? நான் வூட்ல இல்லியா?”

என்னைக் காப்பாற்றிக்கொள்ள அவரே ஒரு வழி கொடுத்துவிட்டார். ஆமாம், நீங்கள் இல்லை என்று சொன்னால் போதும். அந்தப் பதில் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. “அப்புறம் பேசலாம்மா” என்று சொல்லிவிட்டு மாடிப்படி பக்கம் ஓடினேன். ஓடினேன் என்று சும்மா எழுதவில்லை. ஓடினேன்.

படிக்கட்டின் திருப்பத்தில் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். ஆட்கள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள். முழங்கால் போடவில்லை, கண்ணை மூடவில்லை. ‘கர்த்தாவே, அவரை எடுத்துக்கொள்ளாதேயும். நான் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவரை மட்டும் விட்டுவிடும்.’ இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். என் வாழ்க்கையில் எனக்காக அல்லாமல் செய்த முதல் ஜெபம் அதுவாகத்தான் இருக்கும்.

பன்னிரண்டு மணிக்கு டெக்னீஷியன் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். “இன்னா சார் இங்க நிக்கிறீங்க? ஏழுமலை பொழச்சுக்கினாரு. கண்ணத் தொறந்து பீடி கேக்கறாரு.”

ஆண்டவர் கேட்டுவிட்டார். என்னைச் சோதிக்காமல், பேரம் பேசாமல், அன்றைக்கே கேட்டுவிட்டார்.

நானோ அன்றைக்கே வாக்குத் தவறப் பார்த்தேன். சகோதரரே, மனித நெஞ்சின் தந்திரத்தைப் பாருங்கள். அவர் பிழைத்துவிட்டார் என்றதும் எனக்கு வேறு யோசனை வந்தது. இப்போது ஒரு முறை உண்மையாகவே அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதாதா? எழுதியதில் பாதி உண்மையாகிவிடுமே. புதன்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். எல்லாரும் அதை அன்பு என்று நினைத்தார்கள்.

பேரணாம்பட்டில் இறங்கித் தெருவுக்குள் திரும்பியபோது அந்த வாசனை வந்தது. சுண்ணாம்பும் மரப்பட்டையும் ஊறிய தோலும் கலந்த வாசனை. பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. என் அப்பா வேலையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்ததுபோல இருந்தது.

ஓர் அறை வீடு. அடுப்புக்கு மேலே சுவரில் கரியால் போட்ட சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன. நாளுக்கு ஐந்து கோடு.

“இது என்னம்மா?”

“தண்ணி சார். சின்ன டம்ளரால அஞ்சு. டயட்டம்மா சொன்னாங்களே. குடுக்கக் குடுக்கக் கோடு போட்ருவேன். ஆறாவது கேட்டாருன்னா அட்ச்சிப்புடுவேன்.”

“நாக்கு பட்டயாப் பூடும் சார்” என்றார் பாயில் சாய்ந்திருந்த ஏழுமலை. “இவ மனசு எறங்க மாட்டா.”

ஐந்து டம்ளர் குடிக்கிறவருக்கு ஐந்து கிலோ எப்படி ஏறும்? கோடுகளை மறுபடி பார்த்தேன். இடையிடையே வெற்றிடம் இருந்தது.

“இந்த நாள்ல எல்லாம் கோடு இல்லியே?”

“அது திங்களும் வியாழனும் சார். மறுநாள் மிஷினாச்சே. அன்னிக்குக் கணக்கு கெடையாது.”

“கணக்கு கெடையாதுன்னா?”

ஏழுமலை நிமிர்ந்து உட்கார்ந்தார். தொழில் தெரிந்தவன் தெரியாதவனுக்கு விளக்குகிற பொறுமை அவர் முகத்தில் வந்தது. “சார், உப்புத் தோலு வருதுன்னு வச்சிக்கோங்க. உப்பு போவணும்னா இன்னா பண்ணணும்? தொட்டி நெறைய தண்ணி வுடணும். தண்ணி கம்மியா வுட்டா அலசாது, உப்பு உள்ளயே நின்னுரும். மிஷினும் அலசறதுதானே? அது அலசறதுக்குத் தண்ணி வேணாமா? அதான் முந்தின நாளு மூணு சொம்பு குடிச்சிட்டு வருவேன். எடத்த எடுத்துடுவோம்னு சிஸ்டர் சொன்னாங்களா, சரி, நாம ஒழுங்கா அலசிக்கலபோலன்னு இந்தத் தபா ஜாஸ்தியாவே குடிச்சேன்.”

அந்த மனிதர் ஒரு நாளும் எங்களை மீறவில்லை. தாகத்தில் நாக்கு வெடிக்க வாரத்தில் ஐந்து நாள் கட்டுப்பட்டிருந்தார். மீதி இரண்டு நாளில் எங்கள் இயந்திரத்துக்கு உதவி செய்யக் குமட்டக் குமட்டத் தண்ணீரை இறக்கியிருந்தார். நாங்கள் எச்சரித்தபோது இன்னும் கீழ்ப்படிந்தார். அந்தக் கீழ்ப்படிதல்தான் அவரைக் கொல்லப் பார்த்தது.

எங்கள் ஐவரில் டாக்டருக்கு இது தோன்றியிருக்காது. சிஸ்டருக்கும் தோன்றியிருக்காது. ஊறல் தொட்டியை அவர்கள் பார்த்ததே இல்லை. நான் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய், அவர் தண்ணீர் மாற்றி மாற்றி அலசுவதைத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அந்தக் குழுவில் ஏழுமலையைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நான்தான். அவன்தான் போகவில்லை.

“ஏழுமலை, தொட்டியில அலசின தண்ணி எங்க போவும்?” என்று கேட்டேன்.

“அடியில தொள இருக்குதே சார். கட்டய எடுத்தா பூடும்.”

“அந்தத் தொள அடச்சிக்கிச்சுன்னா?”

“அடச்சிக்கிச்சுன்னா...” யோசித்தார். “ஊத்த ஊத்த ரொம்பும். மேல வழியும்.” சட்டென்று தன் நெஞ்சில் கை வைத்தார். “நேத்து வழிஞ்சிதே, அதுவா?”

“அதுதான். ஒங்க தொள அடச்சிருக்கு. மிஷினுக்குத் தண்ணி வெளியில தனியா இருக்கு. நீங்க கொண்டுவர வேணாம்.”

“அடக் கடவுளே” என்றார் ஏழுமலை. “இத்தச் சொல்லவே இல்லியே யாரும்.”

கன்னியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத்தச் சொல்றதுக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சா சார்? இதுக்கு முன்ன நீங்க இங்க வர்ல. இல்ல?”

“வரலம்மா.”

“வந்தேன்னு எழுதுனீங்க.”

“எழுதினேன். மூணு தடவை.”

தங்கை தனம் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டாள். பிறகு ஏழுமலைதான் பேசினார். “மூணு தபாவா? அப்ப இன்னும் ரெண்டு தபா வந்து டீ குடிச்சிட்டுப் போங்க சார். கணக்கு சரியாப்பூடும்.”

“நீ சும்மா இரு” என்றார் கன்னியம்மா. “பொழச்சிக்கின, அதனால சிரிக்கிற. நீ பூட்டிருந்தா இவரு நாலாவது தபாவும் எழுதியிருப்பாரு.”

நான் குனிந்து உட்கார்ந்திருந்தேன். மன்னியுங்கள் என்றேன். ஏழுமலை கையை அசைத்தார். கன்னியம்மா பீடி முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இலை வெட்ட ஆரம்பித்தார்.

மறுநாள் வியாழன். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா என்ன வேலை செய்தார் என்பதையும் சொன்னேன்.

பெரிய டாக்டர் ஏழுமலையின் அட்டையை எடுத்து என் மூன்று வரிகளையும் படித்தார். “இது ஒண்ணுதானா?”

ஆம் என்று சொல்லத்தான் வாய் போயிற்று. “இல்ல டாக்டர். இன்னும் மூணு வீடு.”

சிஸ்டர் லில்லி முகத்தை மூடிக்கொண்டார். “நான் அந்த மனுஷனப் பாத்து பாலாறு பாலாறுன்னு சிரிச்சேனே” என்றார். அவர் அழுததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தது. என் பொய் அவரையும் பாவியாக்கியிருந்தது.

“மெட்ராஸ் கட்டுரை வேண்டாம்” என்றார் டாக்டர். “வீடுகளுக்குப் போற வேலையும் இனிமே உங்களுக்கு வேண்டாம். ஏழுமலை இருக்கட்டும். நாளைக்கு எடை பார்ப்போம்.”

வெள்ளிக்கிழமை காலை. தராசுப் பக்கம் போக எனக்குத் தைரியம் இல்லை. சிஸ்டர் முள்ளைப் பார்த்தார். ஏழுமலையை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். ஒன்றரை கிலோதான் கூடியிருந்தது.

நான் செய்த பரிகாரத்தைச் சொல்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை. அட்டைகளைக் கேட்டு வாங்கி, பொய் வரிகளை அடித்து, ‘செல்லவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மற்ற மூன்று வீடுகளுக்கும் விடுப்பு நாட்களில் என் சொந்த முறையில் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். ஏழுமலை வீட்டுக்கு வாராவாரம் போனேன்.

எடை குறைந்த கதையைச் சொல்ல ஒரு வியாழன் கன்னியம்மாவைக் கூட்டத்துக்கு அழைத்தார் டாக்டர். கரிக்கோடுகளையும் ஊறல் தொட்டியையும் அவர் கூச்சமில்லாமல் விளக்கினார். டாக்டர் நோட்டில் எழுதிக்கொண்டார். இனி யாருக்கும் பாடம் சொல்வதற்கு முன்னால் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று முதலில் அவர்கள் வாயால் கேட்க வேண்டும் என்று அன்று தீர்மானமாயிற்று. கேட்கப் போவது யார் என்ற பேச்சு வந்தது.

“இவரையே அனுப்புங்க டாக்டர்” என்றார் கன்னியம்மா, என் பக்கம் கையை நீட்டி. “தொட்டி சங்கதி தெரிஞ்சவரு. ஆனா தனியா அனுப்பாதீங்க. தனியா போனா எழுதிட்டுதான் வருவாரு. நான் கூடப் போயி பாத்துட்டு வர்றேன்.”

டாக்டர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து நானும் அவரும் எத்தனையோ வீடுகளுக்குப் போனோம். மேல்விஷாரத்தில் ஓர் அம்மா மகனுக்கு உப்பே இல்லாமல் சமைத்து, சோறு இறங்குவதற்காக ஊறுகாய் வைத்துக்கொண்டிருந்தார். உப்பு என்றால் அடுப்பில் போடுவது மட்டும் என்று நினைத்திருந்தார். நான் சொல்ல வாய் திறந்தேன். கன்னியம்மா முழங்கையால் இடித்தார். “இருங்க சார். அவங்க முடிக்கட்டும்.”

1980 தொடக்கத்தில் ஏழுமலைக்கு ஆபரேஷன் நடந்தது. தனத்தின் சிறுநீரகம். அண்ணனும் தங்கையும் அடுத்தடுத்த அறைகளில் படுத்திருந்தார்கள். நான் வராந்தாவிலேயே இருந்தேன். இந்த முறை ஜெபத்தில் கேட்பதற்கு எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதில் என் பங்கு எதுவும் இல்லை. மறுநாள் காலை கன்னியம்மா அந்த நீள வராந்தாவில் கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

“சார்! ஒண்ணுக்குப் போறாரு சார்! பாட்டிலு ரொம்பிடுச்சி! சிஸ்டரு ரெண்டாவது பாட்டிலு வச்சிக்கீறாங்க!”

பார்வையாளர் வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை. நானும் கவலைப்படவில்லை. ‘ஸ்தோத்திரம்’ என்று உரக்கச் சொன்னேன். அந்த வார்த்தையை அதற்கு முன் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். அதன் அர்த்தம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சில நாட்கள் கழித்து, வேண்டிய அளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஏழுமலை நம்பவில்லை. சிஸ்டர் லில்லியே ஒரு பெரிய டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கி, நிறுத்தி நிறுத்திக் குடித்தார். குடித்து முடித்துவிட்டு, “தண்ணி இவ்ளோ ருசியா சிஸ்டர்?” என்றார்.

தனம் நலமாக எழுந்தாள், பிறகு கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள். ஏழுமலை தோல் தொழிற்சாலை வாசலில் காவலாளியாக ஏழு வருஷம் இருந்தார். ஒரு காய்ச்சலில் போய்விட்டார். அந்த ஏழு வருஷத்தையும் ஆண்டவர் கையிலிருந்து வாங்கியதாகத்தான் நான் எண்ணுகிறேன். கன்னியம்மா என்னை மன்னித்ததாக ஒரு நாளும் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அவர் சாகும்வரை, புதிதாக ஒரு நோயாளி வந்தால், “எப்ப சார் போறோம்?” என்று கேட்பார்.

அன்பானவர்களே, என்னை மறைத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்டேன். அதற்கு அவர் காது கொடுக்கவில்லை. இன்னொருவருக்காகக் கேட்டபோது நண்பகலுக்குள் பதில் தந்தார். உங்களில் யாருக்காவது உள்ளே நிம்மதியில்லாமல் இருந்தால், ஓடி ஓடிக் களைத்துப்போயிருந்தால், நின்ற இடத்திலேயே அவரிடம் பேசுங்கள். அவரை நம்புங்கள். அவர் சொல்லச் சொல்வதைச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் இழப்பது கொஞ்சம்தான் என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த நோயோடு போராடிக்கொண்டிருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். என்ன குடிக்கிறீர்கள், என்ன சமைக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். வயதானாலும் பஸ் ஏற முடிகிறது. தனியாக மட்டும் வரமாட்டேன். உடன் வந்து பார்க்க யாரையாவது அழைத்துக்கொண்டுதான் வருவேன்.